பின்சக்கரம் ஏன் சுடுகிறது?

ஜிந்துப்பிட்டியில் எங்கள் ஒழுங்கைக்குள் கார் நிறுத்துவது ஒரு தனிக்கலை. ஒரு பக்கம் வடிகான், மறுபக்கம் அயல்வீட்டு வாசற்படி, நிலமோ சற்றுச் சரிவு. வண்டி நின்றதும் கை தானாகவே ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிடும். என் பழைய டொயோட்டா கொரொல்லாவின் துன்பத்துக்கு அந்தப் பழக்கமே பிள்ளையார் சுழி போட்டது என்பதை உணர எனக்கு மூன்று வருடங்கள் எடுத்தன.

2020 மார்ச் 20ஆம் திகதி மாலை ஊரடங்குச் சட்டம் அமுலுக்கு வந்தது. நான் அலுவலக வாகனத்தில் போய்வந்தேன். சொந்தக் கார் ஹேண்ட் பிரேக் இழுத்தபடி இரண்டு மாதத்துக்கு மேல் ஒழுங்கையிலேயே நின்றது. பின்னர் எடுத்தபோது ‘டொக்’ என்று ஒரு சத்தம் போட்டுவிட்டுத்தான் நகர்ந்தது. நகர்ந்துவிட்டதே என்று மகிழ்ந்து அதை மறந்துவிட்டேன். 2022இல் எரிபொருள் இல்லாமற் போனது. ஜூன் இறுதியில் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என்று அரசாங்கம் அறிவித்தது. கார் மீண்டும் வாரக்கணக்கில் மழையில் நனைந்துகொண்டு நின்றது.

கியூஆர் அட்டைக்கு வாரம் 20 லீற்றர் பெற்றோல் கிடைக்கத் தொடங்கிய பின்னர் ஒருநாள் வெள்ளவத்தைக்குப் போனேன். காலி வீதியில் ஏதோ கருகும் மணம். யாரோ குப்பை எரிக்கிறார்கள் என்று நினைத்தேன். இறங்கிப் பார்த்தால் இடதுபக்கப் பின்சக்கரத்தின் அருகே கை வைக்க முடியாத சூடு. கிடைத்த 20 லீற்றரில் ஒரு பங்கை பிரேக்கே தின்றுகொண்டிருந்திருக்கிறது.

முதலாவது கராஜில் பிரேக் ஷூக்களை மாற்றினார்கள். இரண்டு வாரம் சுகம், பிறகு பழைய கதை. இரண்டாவது கராஜில் வீல் சிலிண்டரை மாற்றினார்கள். ஒரு மாதம் சுகம், பிறகு அதே கருகல் மணம். கொடுத்த பணத்தைக் கூட்டிப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

மூன்றாவதாக, கொட்டாஞ்சேனையில் வயது முதிர்ந்த பாஸ் ஒருவரிடம் போனேன். வெளிநாட்டு வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: கொழும்பில் கைத்தொழில் தெரிந்தவரை ‘பாஸ்’ என்றுதான் மரியாதையாக அழைப்போம்.

“தம்பி, இதுக்கு முதல் என்ன செஞ்சது?” என்று கேட்டார்.

“ஷூ மாத்தினது. சிலிண்டரும் மாத்தினது பாஸ்.”

“சரி. ஏன் மாத்தினது?”

என்னிடம் பதில் இல்லை. யார், எது, எங்கே, எப்போது, ஏன் என்று கேட்கும்படி இளம் செய்தியாளர்களுக்குப் பாடம் நடத்துகிறவன் நான். என் சொந்தக் காரில் அந்த ஐந்தாவது கேள்வியை இரண்டு தடவை கேட்காமல் விட்டிருக்கிறேன்.

பின்பக்க டிரம் பிரேக்கின் அமைப்பு சிக்கலானதல்ல. சக்கரத்தோடு சுழலும் இரும்பு டிரம். அதனுள்ளே பிறை வடிவில் இரண்டு ஷூக்கள். மிதியை அழுத்தினால் ஒயிலின் அழுத்தம் சிலிண்டர் வழியாக ஷூக்களை வெளித்தள்ளி டிரம்மோடு உரச வைக்கிறது. காலை எடுத்தால் சுருள்வில்கள் அவற்றை உள்ளே இழுக்கின்றன. ஹேண்ட் பிரேக்கோ அதே ஷூக்களை ஒயிலின் உதவியின்றிக் கேபிளால் விரிக்கிறது. ஷூ திரும்பி வராமல் நிற்பதைத்தான் ‘பிரேக் பிடிக்கிறது’ என்கிறோம். காய்ச்சல் போல அது ஓர் அறிகுறி. அதற்குக் காரணங்கள் பல.

பாஸ் முன்சக்கரங்களுக்குக் கட்டை வைத்தார். ஹேண்ட் பிரேக்கை விட்டு, பின்பக்கத்தை ஜாக்கியில் உயர்த்தித் தாங்கியில் நிறுத்தி, இரு சக்கரங்களையும் கையால் சுற்றினார். வலது சுழன்றது, இடது இறுகி நின்றது. இரண்டும் இறுகியிருந்தால் மாஸ்டர் சிலிண்டர், மிதி, பின்பக்கத்துக்குப் பொதுவான இறப்பர் குழாய் போன்றவற்றை முதலில் சந்தேகித்திருப்பாராம். ஒன்று மட்டும் இறுகினால் அந்தச் சக்கரத்தின் பக்கத்தில்தான் பெரும்பாலும் குற்றவாளி இருப்பான்.

அடுத்து, சிலிண்டரின் பின்னாலுள்ள காற்று நீக்கும் திருகைச் சற்றே தளர்த்தினார். சக்கரம் உடனே விடுபட்டிருந்தால் ஒயிலின் அழுத்தம் சிறைப்பட்டிருக்கிறது என்று பொருள். உட்புறம் வீங்கிய இறப்பர் குழாய் ஒயிலைப் போகவிட்டு, திரும்பவிடாமல் அடைத்துக்கொள்வதுண்டு. என் சக்கரம் விடுபடவில்லை. எனவே ஒயில் குற்றமற்றது.

பின்னர் டிரம்மில் அதற்கென உள்ள இரண்டு துளைகளில் போல்ட்டுகளை மாறி மாறி முறுக்கி அதைக் கழற்றினார். உள்ளே இருந்த தூசை ஊதவில்லை. தண்ணீரால் நனைத்துத் துடைத்தார். பழைய லைனிங்குகளில் கல்நார் இருந்தது. அந்தத் தூசு நுரையீரலுக்கு நஞ்சு. காற்றுக் குழாயால் அதை ஊதும் பையன்கள் இன்றும் நம் கராஜ்களில் இருக்கிறார்கள். சுருள்வில்களைப் பார்த்தார், ஷூ உட்காரும் தட்டில் பள்ளம் விழுந்திருக்கிறதா என்று நகத்தால் தடவினார். கடைசியாகக் கேபிளின் முனையைக் கொக்கியிலிருந்து விடுவித்தார். ஷூக்கள் இரண்டும் உள்ளே போய் உட்கார்ந்தன.

கேபிளின் வெளியுறை ஓரிடத்தில் வெடித்திருந்தது. அதன் வழியே நீர் போய், உள்ளே இருந்த கம்பி துருவேறி உறைந்திருந்தது. நான் ஹேண்ட் பிரேக்கை விட்டபோதெல்லாம் என் கையிலிருந்த பிடி இறங்கியதே தவிர, சக்கரத்தருகே கேபிள் இறங்கவில்லை. முன்னைய இரு கராஜ்களும் ஷூவைத் தளர்த்திப் பூட்டியதால் சில நாட்கள் சுகம் கிடைத்தது. இடைவெளி தானாகச் சீரானதும் உரசல் திரும்பிவிட்டது. பஞ்சிகாவத்தையில் ஒரு சோடிக் கேபிள் வாங்கிப் பூட்டியதோடு பிரச்சினை தீர்ந்தது.

சிறு கோளாறுக்கு இத்தனை பந்தியா என்று கேட்கலாம். ஆனால் இது பெற்றோல் செலவோடு முடிகிற கோளாறல்ல. பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. டொட் 3 வகை ஒயில் புதிதாக இருக்கையில் 205 பாகை செல்சியஸ் வரையாவது கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது நியமம். ஈரம் ஏறியபின் அந்த எல்லை 140 பாகைக்கு இறங்கிவிடுகிறது. உரசிக்கொண்டே ஓடும் சக்கரத்தின் சூட்டில் ஒயில் கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழ்கள் உண்டாகும். மிதி வெறுமையாகத் தரைக்குப் போகும். மழை நாளில் பின்சக்கரம் ஒன்று முற்றாக இறுகினால் வண்டி பக்கவாட்டில் வழுக்கும். இரண்டுமே உயிரோடு விளையாடுபவை.

என் இரண்டு கராஜ்காரர்களையும் நான் திட்டப்போவதில்லை. அவர்களுக்கு நாம் கூலி கொடுப்பது பாகத்தைப் பூட்டுவதற்கு. பார்த்துச் சொல்வதற்கு அல்ல. கொழும்பில் வைத்தியரைச் ‘சனல்’ பண்ணப் போகிறோம். அவர் ஒரு குளிசையும் எழுதாமல் “ஒன்றுமில்லை, போங்கள்” என்றாலும் கட்டணத்தைக் கொடுத்துவிட்டு நிம்மதியாக வருகிறோம். அதே நாம், பாஸ் ஒரு மணித்தியாலம் காருக்கடியில் படுத்துவிட்டு “கேபிள்தான்” என்று சொன்னால், “பார்த்ததுக்கெல்லாம் காசா?” என்கிறோம். பாகம் விற்றால்தான் பிழைப்பு என்ற நிலையில் அவரை நிறுத்தியது நாம்தான். கோளாறு காண்பதற்கு என்று தனிக்கூலி கொடுக்கும் வழக்கம் வரவேண்டும். நான் அந்த முதியவருக்குக் கேபிள் பூட்டிய கூலியைவிட அதிகமாகவே கொடுத்தேன். அப்படியும் அது முதலிரண்டு தடவைகள் கொடுத்ததைவிடக் குறைவு.

அரசாங்கத்துக்கும் இதில் பங்குண்டு. 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. வரியைச் சேர்த்த விலை நடுத்தரக் குடும்பங்களுக்கு எட்டாது. ஆகவே பழைய கார்கள் இன்னும் நெடுங்காலம் நம் வீதிகளில் ஓடத்தான் போகின்றன. ஆண்டுதோறும் வருமான அனுமதிப்பத்திரம் எடுக்க, காப்புறுதியும் 2008இல் வந்த புகைப் பரிசோதனைச் சான்றிதழும் வேண்டும். தனியார் காரின் பிரேக்கைச் சோதிப்பதற்கு அந்த வரிசையில் இடமில்லை. பிரித்தானியாவில் 1960இல் தொடங்கிய எம்.ஓ.டி. பரிசோதனையில் பிரேக்கும் விளக்கும் ஸ்டியரிங்கும்தான் முதலில் சேர்க்கப்பட்டன. லண்டன் வாசகர்கள் வருடாவருடம் அதற்காக அலுத்துக்கொள்வதை நான் அறிவேன். இங்கே இன்னொரு சான்றிதழ் இன்னொரு வரிசையையும் இலஞ்சத்தையும் கொண்டுவரும் என்பாரும் உளர். அந்த அச்சம் நியாயமானது. ஆயினும், புகைக்கு வருகிற வாகனத்தின் நான்கு சக்கரங்களையும் அதே இடத்தில் ஒரு தடவை சோதிப்பது மலையைப் புரட்டும் காரியமல்ல.

அது வரும்வரை நம் சக்கரத்துக்கு நாமே காவல். நெடுநாள் நிறுத்துவதானால் ஹேண்ட் பிரேக்கை நம்பாமல் கியரில் விட்டுச் சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். பிரேக் ஒயிலை இரண்டு வருடத்துக்கொரு முறையாவது மாற்றுங்கள். அந்தக் குப்பிக்குள் வேறெந்த ஒயிலையும் ஊற்ற விடாதீர்கள், இறப்பர் வீங்கிவிடும். பயணம் முடிந்ததும் நான்கு சக்கரங்களின் அருகிலும் தொடாமல் புறங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்று மட்டும் அதிகம் சுட்டால் கராஜுக்குப் போங்கள். போனதும் பாகத்தின் விலையை விசாரிக்குமுன் “ஏன்?” என்று கேளுங்கள்.

நான் இப்போது ஒழுங்கையில் கார் நிறுத்தும்போது கட்டை ஒன்றை வைக்கிறேன். அயல்வீட்டுப் பையன் அதைக் கிரிக்கெட் விக்கெட்டாக எடுத்துக்கொண்டு போகாத நாட்களில் எல்லாம் சுகமே.