காமிரா யார் கண்?

நேற்று இரவு டெலிவிஷனில் ஒரு கொலைக் கதை. "பாவம், அந்தப் பெண்மேல் ஒரு போர்வையைப் போர்த்தக் கூடாதோ?" என்றார் என் மாமியார்.

நியாயமான கேள்விதான். செத்தவன் ஆண் என்றால், பெரும்பாலும் ஒரு வெள்ளைத் துணி, வெளியே நீட்டிய பூட்ஸ் கால் இரண்டு, காரியம் முடிந்தது. பெண் என்றாலோ, காமிரா காலிலிருந்து தலைவரை சாவகாசமாக ஊர்கிறது, ஜவுளிக் கடையில் புடவை பார்ப்பதுபோல! சினிமாக் காமிரா ஆணின் கண்ணாகவே பார்க்கிறது என்று லாரா மல்வி என்ற ஆங்கிலேய மாது 1975-லேயே எழுதினார். டெலிவிஷனும் அந்தக் கண்ணைத்தான் இரவல் வாங்கியிருக்கிறது.

விலக்கும் உண்டு. 1991-ல் பிரிட்டனில் ஒளிபரப்பான 'பிரைம் சஸ்பெக்ட்' தொடரில் ஹெலன் மிர்ரன், ஜேன் டென்னிஸன் என்ற போலீஸ் அதிகாரியாக வருகிறார். கொலையுண்டவள் யார் என்பதையே ஆண் அதிகாரிகள் தப்பாக முடிவு கட்டியிருக்கிறார்கள், டென்னிஸன்தான் கண்டுபிடிக்கிறாள். பிரேதம் இதிலும் கோரந்தான். ஆனால் அவள் பார்க்கிறாள். அவள் கண்ணால் நாமும் பார்க்கிறோம். அறை நிறைந்த ஆண்கள் அவளை ஏற இறங்கப் பார்ப்பதையும் காமிரா விட்டுவைக்கவில்லை.

இந்த வாரம் மாமியாருக்கு அதைப் போட்டுக் காட்டப் போகிறேன். போர்வை கேட்கிறாரா, பார்க்கலாம்.