பார்க்காமல் போட்ட எடை

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பர் நம் பெரியோர். ஆற்றில் இறங்குமுன் கோலை ஊன்றி ஆழம் பார்ப்பவன் ஆற்றுக்கு அஞ்சியவன் அல்லன், ஆற்றை மதிப்பவன். இவ்வாறு ஆழம் பார்ப்பதை ஒரு கலையாகவே வளர்த்திருக்கின்றனர் அமெரிக்கக் கல்லூரிகளின் கால்பந்து அணியினர். அக்கலையில் வல்லவராய் விளங்கிய ஒருவர், ஒரே ஒருநாள் கோலை ஊன்ற மறந்த வரலாற்றை இம்மாதம் நம் வாசகக் குடும்பங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

அமெரிக்கர் கால்பந்து என அழைக்கும் ஆட்டம் நம் பிள்ளைகள் ஆடும் ஆட்டம் அன்று. அவர்களுடைய பந்து முட்டை வடிவினது. அதைக் கையில் ஏந்தி ஓடலாம், முன்னோக்கி எறியவும் செய்யலாம். பக்கத்திற்குப் பதினொருவர். நான்கு முயற்சிகளுக்குள் பத்து கெஜம் முன்னேறவேண்டும்; இயலாவிடில் பந்து எதிரணிக்குப் போய்விடும். ஒவ்வொரு முயற்சிக்கு முன்பும் இரு அணியினரும் எதிரெதிரே வரிசையாக நிற்பர். யார் எங்கே நிற்கிறார், எந்தக் காலை முன்வைத்திருக்கிறார் என்பதிலேயே அடுத்து நிகழப்போவது ஓரளவு வெளிப்பட்டுவிடும். ஆகவே, ஆட்டத்திற்குப் பல நாள்களுக்கு முன்பே எதிரணியின் பழக்கங்களை ஆராயத் தொடங்குவர். முற்காலத்தில் பயிற்சியாளரின் ஆள் ஒருவர் தாளும் பென்சிலுமாகப் பார்வையாளர் நடுவே அமர்ந்து குறிப்பெடுத்து வருவார். பின்னர்த் திரைப்படச் சுருள் வந்தது. இன்று கணினியில் ஒவ்வோர் அசைவையும் நிறுத்தி நிறுத்திப் பார்க்கின்றனர். வசதி படைத்த கல்லூரிக்கும் இல்லாத கல்லூரிக்கும் இடையே சமநிலை வேண்டி, எதிரணியின் ஆட்டத்தை நேரில் சென்று வேவு பார்ப்பதை 1994 இல் தடை செய்தனர். அதற்கு முன்பு அது முறையான வழக்கமாகவே இருந்தது.

இனி நம் கதைக்கு வருவோம். இந்தியானா மாநிலத்தில், திருச்சிலுவை சபையைச் சேர்ந்த எட்வர்ட் சோரின் அடிகளார் 1842 இல் தோற்றுவித்தது நோட்டர் டேம் கல்லூரி. ‘நம் அன்னை’ என்பதே அப்பிரெஞ்சுப் பெயரின் பொருள். 1913 ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள், அக்கல்லூரியின் அணி நெடுந்தொலைவு பயணம் செய்து வெஸ்ட் பாய்ண்ட் இராணுவக் கல்லூரியின் அணியைச் சந்தித்தது. கிழக்கு மாநிலத்தார்க்கு நோட்டர் டேம் அன்று பெரிய பெயர் அன்று. ஆனால் அவ்வாண்டுக் கோடையில், ஈரி ஏரிக்கரையின் மணலில், அவ்வணியின் இருவர் நாள்தோறும் ஒரு பயிற்சியைச் செய்துவந்தனர். ஒருவர் பந்தை எறிவார். மற்றவர் முழு வேகத்தில் ஓடியவாறே அதைப் பிடிப்பார். எறிந்தவர் கஸ் டொரெய்ஸ். பிடித்தவர் நூட் ராக்னி.

பந்தை முன்னோக்கி எறிய விதிகள் 1906 இலேயே இடம் தந்திருந்தன. எனினும் பலர் அதை ஒரு சிறு தந்திரமாகவே கருதினர். இராணுவ அணியோ உடல்வலிமையை நம்பி நின்றது. டொரெய்ஸ் அன்று 17 முறை எறிந்தார். 14 முறை பந்து உரிய கைக்குச் சென்று சேர்ந்தது. பாதி ஆட்டம் முடிந்தபோது 14-13 என நெருக்கமாக இருந்த நிலை, இறுதியில் 35-13 என்றாயிற்று. பெயரைப் பார்த்து எடை போட்டவர்கள் ஏமாந்தனர். கடுகு சிறுத்தாலும் காரம் போகுமோ?

அந்த ராக்னிதான் 1918 முதல் நோட்டர் டேம் அணியின் தலைமைப் பயிற்சியாளர் ஆனார். 1888 இல் நார்வே நாட்டில் பிறந்து சிறுவனாக அமெரிக்கா வந்தவர். 1925 இல் நம் திருச்சபையில் திருமுழுக்குப் பெற்றவர். பதின்மூன்று ஆண்டுகளில் அவருடைய அணி பெற்ற வெற்றிகள் 105. தோல்விகள் 12 மட்டுமே. இகழப்பட்ட அணி எத்தகைய உறுதியோடு ஆடும் என்பதை அவரினும் நன்கு அறிந்தவர் யார்?

ஆயினும் யானைக்கும் அடி சறுக்கியது. 1926 ஆம் ஆண்டு. அவருடைய அணி தொடர்ந்து எட்டு ஆட்டங்களில் வென்றிருந்தது. அவ்வெட்டிலும் சேர்த்துப் பெற்ற புள்ளிகள் 197. விட்டுக்கொடுத்தவை ஏழே ஏழு. எஞ்சியவை இரண்டு ஆட்டங்கள். அவற்றுள் முதலாவது, நவம்பர் 27 அன்று பிட்ஸ்பர்க் நகரில், கார்னகி தொழில்நுட்பக் கல்லூரியுடன். 1922 முதல் 1925 வரை ஆண்டுதோறும் நோட்டர் டேமிடம் தோற்ற அணி அது. அதே நாளில் சிக்காகோவில், இலட்சத்திற்கும் மேற்பட்டோர் முன்னிலையில், இராணுவக் கல்லூரியும் கடற்படைக் கல்லூரியும் மோதின. அவ்விரு அணிகளையும் நோட்டர் டேம் மறு ஆண்டில் சந்திக்கவேண்டியிருந்தது. ராக்னி பிட்ஸ்பர்க் செல்லவில்லை. அணியைத் துணைப் பயிற்சியாளர் ஆண்டர்சனிடம் ஒப்படைத்துவிட்டுச் சிக்காகோ சென்றார். நாளைய எதிரியை அளக்கப் போனவர் இன்றைய எதிரியை அளக்க மறந்தார்.

கார்னகி அணியின் பயிற்சியாளர் வால்ட்டர் ஸ்டெஃபன், சிக்காகோ நகரில் ஒரு நீதிபதி. வழக்குகளைக் கேட்டு முடித்து, வார இறுதியில் நானூறு மைலுக்கும் மேல் இரயிலில் பயணம் செய்து தம் மாணவரிடம் வருவார். சிக்காகோவில் வாழ்ந்தவர் அன்று பிட்ஸ்பர்க்கில் இருந்தார். பிட்ஸ்பர்க்கில் இருக்கவேண்டியவரோ சிக்காகோவில் இருந்தார். ‘உங்களைப் பார்க்க அவர் வரவேயில்லை’ என்ற ஒன்றைத் தவிர, அவ்விளைஞர்களுக்கு வேறு ஊக்கமொழி தேவைப்பட்டிருக்குமோ? ஆட்டம் முடிந்தபோது கார்னகி 19. நோட்டர் டேம் சுழி.

அது வெறும் தற்செயல் என்று தள்ளிவிட இயலாது. இரண்டு ஆண்டுகள் கழித்து, 1928 இல், அதே கார்னகி அணி நோட்டர் டேமின் சொந்தத் திடலுக்கே வந்து 27-7 என வென்றது. 1905 க்குப் பின்னர் அத்திடலில் நோட்டர் டேம் கண்ட முதல் தோல்வி அது. ஆக, வலிமை அங்கே இருந்தது. பார்க்கும் கண்தான் வேறிடத்தில் இருந்தது.

பழங்கதைதானே என எண்ணவேண்டாம். 2007 செப்டம்பர் முதல் நாள், நாட்டின் ஐந்தாம் இடத்தில் வைக்கப்பட்டிருந்த மிச்சிகன் பல்கலைக்கழகம், கீழ்ப்பிரிவைச் சேர்ந்த அப்பலாச்சியன் ஸ்டேட் என்னும் அணியைத் தன் திடலுக்கு அழைத்து ஆடியது. வந்த அணி தன் பிரிவில் தொடர்ந்து இரண்டு ஆண்டுகள் வாகை சூடியது என்பதைப் பலர் பொருட்படுத்தவில்லை. முடிவு 34-32, வென்றது கீழ்ப்பிரிவு அணி.

ராக்னியின் பிழையை நாம் எண்ணிப் பார்க்குமிடத்து ஒன்று தெளிவாகிறது. அவர் கார்னகி அணியைத் தவறாக அளந்தார் என்பதைவிட, அளக்கவே இல்லை என்பதே பொருந்தும். கடந்த நான்கு ஆண்டுகளின் கணக்கை எடுத்து இந்த ஆண்டின் தட்டில் வைத்துவிட்டார். மனிதரோ கணக்கைப்போல் அசையாது கிடப்பவர் அல்லர். சென்ற ஆண்டு தோற்றவன் இவ்வாண்டு கற்றிருப்பான். அச்சமும் இதே பிழையைத்தான் செய்கிறது. எதிரியின் பெயரைக் கேட்டதுமே நடுங்குபவனும் அவனைப் பார்ப்பதில்லை. தன் நடுக்கத்தையே பார்க்கிறான். பதினாயிரம் பேரோடு இருபதினாயிரம் பேரை எதிர்க்க இயலுமோ என்று முதலில் உட்கார்ந்து ஆராயும் அரசனைப் பற்றி நம் ஆண்டவர் கூறியதை லூக்கா எழுதியுள்ளார். அவன் இகழவுமில்லை, நடுங்கவுமில்லை. உட்கார்ந்தான், எண்ணினான்.

மற்றொன்றும் உண்டு. தவறு பயிற்சியாளருடையது; தோல்வியைத் திடலில் சுமந்தவர்களோ மாணவர்கள். இல்லங்களிலும் இவ்வாறு நிகழ்வதை நாம் காண்கிறோம். ‘அந்த வீட்டாரைப் பற்றி எங்களுக்குத் தெரியாதா?’ என்று விசாரியாமலே பெண்ணைக் கொடுப்பவர் பெற்றோர், வாழப்போகிறவள் மகள். ‘இவன் படிக்கமாட்டான்’ என்று பழைய மதிப்பெண்ணைக் கொண்டே மகனை எடை போடுபவர் தந்தை. அந்த எடையைத் தூக்கித் திரிபவன் பிள்ளை. பிறரை அளக்கும் பொறுப்பு பெற்றவர்கள், அதன் விலையைத் தாம் மட்டுமே கொடுப்பதில்லை என்பதை மறத்தல் ஆகாது.

ராக்னி மறக்கவில்லை. 1929 அக்டோபரில் நோட்டர் டேம் மீண்டும் பிட்ஸ்பர்க் சென்று கார்னகி அணியைச் சந்தித்தது. அப்போது அவர் காலில் இரத்தக்குழாய் அழற்சி கண்டு, அசையவும் கூடாத நிலையில் இருந்தார். பயணம் உயிருக்கே ஆபத்து என மருத்துவர் எச்சரித்திருந்தனர். ஆயினும், பிறர் தாங்கிவர, வந்து சேர்ந்தார். நோட்டர் டேம் அன்று வென்றது 7-0 என்ற சிறு கணக்கில்தான். மூன்று ஆண்டுகளுக்கு முன்பு எந்த அணியைப் பார்க்கத் தேவையில்லை எனக் கருதினாரோ, அதே அணியின் ஆட்டத்தை அன்று திடலின் ஓரத்திலிருந்து, தம் இரு கண்களாலும் பார்த்துக்கொண்டிருந்தார்.