யாருடைய கணினி பழையது?

‘பழைய கணினிகளைச் சுமந்தது போதும்’ என்ற குரல் கட்டற்ற மென்பொருள் உலகில் சில ஆண்டுகளாக உரத்து ஒலிக்கிறது. அதன் தருக்கம் எளிமையானது. யாரும் பயன்படுத்தாத நுண்செயலிகளுக்காக இயங்குதளத்தின் மூலநிரலில் தனிப் பகுதிகள் எதற்கு? சோதிக்க ஆளில்லை, பராமரிக்க நேரமில்லை, ஆகவே வெட்டி எறிவோம். இப்படிச் சொல்பவர்கள் திறமைசாலிகள். அவர்களில் பலர் ஊதியமின்றி உழைப்பவர்கள். அவர்கள்மீது மதிப்பு வைத்தே சொல்கிறேன்: இந்த வாதத்தில் பாதி உண்மை, பாதி பொய். உண்மையான பாதியை முன்னால் நிறுத்திப் பொய்யான பாதியையும் சேர்த்து நம் தலையில் கட்டுகிறார்கள் என்பதே என் குற்றச்சாட்டு.

கணினித் துறை சாராத வாசகர்களுக்காக ஒரு சிறு விளக்கம். இயங்குதளம் மனிதர் படிக்கக்கூடிய மூலநிரலாக, பெரும்பாலும் சி மொழியில், எழுதப்படுகிறது. நுண்செயலிக்கு அது புரியாது. கம்பைலர் எனப்படும் தொகுப்பி அதை அந்தந்த நுண்செயலிக்குரிய ஆணைகளாக மாற்றித் தர வேண்டும். மேசைக் கணினியின் இன்டெல் சில்லுக்கான ஆணைகள் வேறு. கைபேசியின் ஏஆர்எம் சில்லுக்கானவை வேறு. ஒரு வகைக் கணினியில் அமர்ந்துகொண்டு இன்னொரு வகைக்காகத் தொகுப்பதும் உண்டு. அதைக் குறுக்குத் தொகுப்பு என்பார்கள். லினக்ஸ் கெர்னலை அவ்வாறு தொகுக்கும்போது எந்தக் கட்டமைப்புக்காக, எந்தத் தொகுப்பியால் என்ற இரண்டையும் முதலில் சொல்லிவிட வேண்டும். பிறகு கேகான்ஃபிக் என்ற ஏற்பாடு தெரிவுகளை வரிசையாக முன்வைக்கும். 2002-இல் வந்த இந்த ஏற்பாட்டில் இன்று பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட தெரிவுகள் உள்ளன. இந்தச் சாதனம் வேண்டுமா, அந்தக் கோப்பு முறை வேண்டுமா, எந்தத் தலைமுறைச் சில்லு முதல் இது ஓட வேண்டும் என்று கேள்விகள் நீளும். எல்லாவற்றுக்கும் தானே விடை சொல்பவர் எவரும் இல்லை. யாரோ முன்கூட்டி நிரப்பிவைத்த விடைத்தாள் ஒன்று ஒவ்வொரு கட்டமைப்புக்கும் இருக்கிறது. நாம் அதை எடுத்துக்கொண்டு மேலே நடக்கிறோம்.

அந்த விடைத்தாளைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. சுவடிகளிலிருந்து நூல்களைப் பதிப்பித்த வரலாற்றை அறிந்தவர்களுக்கு இது அந்நியமான செய்தி அல்ல. எந்தப் பாடத்தை மேலே அச்சிடுவது, எந்தப் பாடபேதத்தை அடிக்குறிப்புக்குத் தள்ளுவது, எதை அறவே விடுவது என்று முடிவு செய்த பதிப்பாசிரியர், தன் கருத்தென்று ஒரு வரிகூட எழுதாமலே நூலின் தலைவிதியைத் தீர்மானித்தார். தொகுப்புத் தெரிவை நிரப்புபவரும் அவ்வாறே. அது வெறும் பொறியியல், அதில் சார்பு ஏது என்று கேட்பவர்கள் கீழ்க்காணும் இரண்டு நிகழ்வுகளைப் பார்க்கட்டும்.

முதலாவது, 2012-ஆம் ஆண்டு. ராஸ்பெரி பை என்ற கையகலக் கணினி 35 டாலர் விலையில் வெளிவந்தது. பள்ளிப் பிள்ளைகள் நிரல் எழுதப் பழக வேண்டும் என்பதே அதை உருவாக்கியவர்களின் நோக்கம். அதன் சில்லு ஏஆர்எம்வி6 என்ற தலைமுறையைச் சேர்ந்தது. தசம எண்களைக் கணக்கிடும் வன்பொருள் பகுதியும் அதில் இருந்தது. அப்போது டெபியன் இயங்குதளத்தில் ஏஆர்எம் சில்லுகளுக்கென இரண்டு தொகுப்புகள் இருந்தன. ஒன்று, அந்தத் தசமப் பகுதியைப் பயன்படுத்தும். ஆனால் ஏஆர்எம்வி7 முதற்கொண்டே ஓடும். மற்றது பழைய சில்லுகளிலும் ஓடும். ஆனால் தசமக் கணக்கு முழுவதையும் மென்பொருளாலேயே மெதுவாகச் செய்யும். புதிய கணினியோ இரண்டுக்கும் நடுவில் விழுந்தது. இருக்கும் வன்பொருளைப் பயன்படுத்த முடியாமல் நொண்ட வேண்டும், அல்லது ஓடவே கூடாது.

தவறு மூலநிரலில் இல்லை. அதில் ஓர் எழுத்தும் குறையவில்லை. குறை, யாரோ நிரப்பிய ஒரு தெரிவில் இருந்தது. சில ஆர்வலர்கள் டெபியனின் பல்லாயிரம் பொதிகளையும் ஏஆர்எம்வி6, வன்பொருள் தசமம் என்ற தெரிவுகளோடு மீண்டும் தொகுத்தார்கள். ராஸ்பியன் அப்படித்தான் பிறந்தது. அதே தலைமுறைச் சில்லோடு 2015-இல் 5 டாலர் விலையில் பை ஸீரோ வந்தபோது அதற்கும் அந்த உழைப்பே கைகொடுத்தது. ‘ஏஆர்எம்வி6 பழசு’ என்று முடிவு செய்தவர்கள் தீயவர்கள் அல்லர். தம் கண்ணெதிரே இருந்த கணினிகளைக் கொண்டு உலகை அளந்தார்கள், அவ்வளவே. அந்த அளவுகோலில்தான் பிழை.

இரண்டாவது நிகழ்வு அண்மையது. இன்டெல், ஏஎம்டி வழிவந்த 64 பிட் சில்லுகளை 2020-இல் நான்கு நிலைகளாக வகுத்தார்கள். ரெட் ஹேட் நிறுவனத்தின் லினக்ஸ் 2022-இல் வெளியான 9-ஆம் பதிப்பில் இரண்டாம் நிலையையும், 2025 மே மாதம் வெளியான 10-ஆம் பதிப்பில் மூன்றாம் நிலையையும் குறைந்தபட்சத் தகுதியாக்கியது. மூன்றாம் நிலை ஆணைகள் இன்டெல்லில் 2013-இன் ஹாஸ்வெல் தலைமுறையிலேயே வந்துவிட்டன, பன்னிரண்டு ஆண்டு அவகாசம் போதாதா என்று கேட்கிறார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் விலை உயர்ந்த சில்லுகளுக்குத்தான் அந்த ஆணைகள் 2013-இல் கிடைத்தன. மலிவு விலைப் பென்டியம், செலரான் சில்லுகளுக்கு இன்டெல் அவற்றைப் பல ஆண்டுகள் தரவில்லை. 2020-இல் கடைக்கு வந்த பென்டியம் கோல்டு சில்லிலும் அவை கிடையாது. ஆக, 2013-இல் அதிக விலை கொடுத்து வாங்கியவரின் கணினி ‘புதியது’; 2020-இல் குறைந்த விலைக்கு வாங்கியவரின் கணினி ‘பழையது’. ஆண்டுக் கணக்கு என்ற பெயரில் இங்கே அளக்கப்படுவது பணப்பையின் கனம்.

அது நிறுவனங்களுக்கு விற்கப்படும் வழங்கிக் கணினி இயங்குதளம், மலிவுக் கணினிக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று ஒரு பதில் வரும். வணிக நிறுவனம் தன் வாடிக்கையாளரைத் தேர்ந்தெடுக்கட்டும். அந்த உரிமையை நான் மறுக்கவில்லை. ஆனால் அதே மூலநிரலின் வழிவரும் அல்மாலினக்ஸ் 10, மூன்றாம் நிலைத் தொகுப்போடு இரண்டாம் நிலைக்கான தொகுப்பையும் தனியே வெளியிட்டது. மூலம் ஒன்றே, மாறியது தெரிவு. உபுண்டு, 2025 அக்டோபரில் வந்த 25.10 பதிப்பில் மூன்றாம் நிலைத் தொகுப்பை விரும்புவோர்க்கான கூடுதல் வடிவமாகத் தந்தது, அடித்தளத்தை உயர்த்தவில்லை. வேகமும் வேண்டும், பிறரைத் தள்ளவும் கூடாது என்று எண்ணினால் வழி இருக்கிறது என்பதற்கு இவ்விரண்டும் சான்று.

இனி உண்மையான பாதிக்கு வருகிறேன். பராமரிக்க ஆளில்லாத நிரல் கெட்டுப்போகும் என்பதில் ஐயமில்லை. 2018-இல் லினக்ஸ் 4.17 பிளாக்ஃபின், டைல் உள்ளிட்ட எட்டுக் கட்டமைப்புகளை ஒரே மூச்சில் நீக்கியது. அவற்றைக் கவனிப்பார் எவருமில்லை என்று விசாரித்து அறிந்த பிறகே அது நடந்தது. எந்த இயந்திரத்தில் லினக்ஸ் 1991-இல் பிறந்ததோ அந்த 386-க்கான ஆதரவும் 2012 டிசம்பரில் நீக்கப்பட்டது. பல செயலிகள் ஒருங்கே இயங்கும் காலத்துக்குத் தேவையான சில அடிப்படை ஆணைகள் 386-இல் இல்லை. அதற்காகச் செய்த சுற்றுவழிகள் எல்லோருக்கும் சுமையாக இருந்தன. இவற்றில் எனக்குப் புகார் இல்லை. அன்புக்கு ஆளில்லாத வீடு இடிவது இயற்கை.

ஆனால் ஆள் இருக்கும் வீட்டின் கதவை வெளியிலிருந்து பூட்டுவது வேறு காரியம். 2021 பிப்ரவரியில் பைத்தான் மொழியின் மறையாக்கப் பொதி ரஸ்ட் மொழியைச் சார்ந்ததாக மாறியது. ரஸ்டின் தொகுப்பி எல்எல்விஎம் என்ற கருவியின்மேல் நிற்கிறது. ஜிசிசி எட்டிய கட்டமைப்புகள் எல்லாவற்றையும் அது எட்டவில்லை. முதல் நாள்வரை ஓடிய பொதி மறுநாள் சில கணினிகளில் தொகுபடவில்லை. முறையிட்டவர்களுக்குக் கிடைத்த விடைகளுள் ஒன்று: உங்கள் விசித்திரக் கணினிகளை நாங்கள் ஒருபோதும் ஆதரித்ததே இல்லை, தற்செயலாக ஓடியது, இனி ஓடாது.

இந்த விடையில் நேர்மையும் இருக்கிறது, கண்மறைப்பும் இருக்கிறது. ஊதியமில்லாத ஒருவர் தான் கண்டிராத கணினிக்கு உத்தரவாதம் தர வேண்டியதில்லை, அது நேர்மை. ஆனால் ‘தற்செயல்’ என்ற சொல் பொய். சி மொழியைப் பல கட்டமைப்புகளில் ஓடச் செய்வதற்காகவே பலர் பல பத்தாண்டுகள் உழைத்தார்கள். அந்த உழைப்பின்மேல் ஏறி நின்றுகொண்டு அதைத் தற்செயல் என்பது, பாட்டனார் வெட்டிய கிணற்றை மழைக்குட்டை என்பது போன்றது.

2025 அக்டோபர் இறுதியில் டெபியனிலும் இதே விவாதம் எழுந்தது. அதன் பொதி நிறுவு கருவியான ஏப்டில் ரஸ்ட் கட்டாயமாகும், 2026 மே மாதத்துக்கு முன்பாக அல்ல, ரஸ்ட் இல்லாத கட்டமைப்புகள் அதற்குள் வழி தேடிக்கொள்ளட்டும் என்று அறிவிப்பு வந்தது. ஆல்பா, எம்68கே போன்ற, தன்னார்வலர் மட்டுமே பேணும் கட்டமைப்புகளை நோக்கிய அறிவிப்பு இது. ரஸ்டின் மீது எனக்குப் பகை இல்லை. நினைவகப் பிழைகளால் விளையும் பாதுகாப்பு ஓட்டைகளை அது பெருமளவு அடைக்கிறது. பிறர் அனுப்பும் கோப்புகளைப் பிரித்துப் படிக்கும் கருவிக்கு அது நல்ல தேர்வு. தேதியோடு முன்கூட்டிச் சொன்னதும் பாராட்டத்தக்கதே. ஆனால் ஒரு புதிய தொகுப்பியை உருவாக்கும் பாரத்தை, ஆள்பலம் மிகக் குறைந்தவர்களின் தோளில் ஆறு மாதக் கெடுவோடு ஏற்றுவதற்கு ‘வழி தேடிக்கொள்ளுங்கள்’ என்ற பெயர் பொருந்துமா?

எதற்காக இந்தப் பிடிவாதம், நாலு பேருக்காகவா என்று கேட்பவர்களுக்குக் கணக்கை வேறு பக்கத்திலிருந்து காட்டுகிறேன். லினஸ் டோர்வால்ட்ஸ் தொடக்கத்தில் எழுதிய கெர்னல் 386-ஓடு பின்னிப் பிணைந்திருந்தது. டிஇசி நிறுவனத்தின் ஆல்பா கணினிக்கு அதைக் கொண்டுசென்ற பணியில்தான், எல்லாச் சில்லுகளுக்கும் பொதுவானது எது, ஒரு சில்லுக்கு மட்டும் உரியது எது என்ற பிரிவினை தெளிவடைந்தது. 1995-இன் 1.2 பதிப்பில் ஆல்பாவோடு மிப்ஸும் ஸ்பார்க்கும் இடம்பெற்றன. நினைவகத்தைப் படிக்கும் வரிசையில் ஆல்பா மிகத் தளர்வான விதிகளைக் கொண்டது. இன்டெல் சில்லு பொறுத்துக்கொண்ட கவனக்குறைவுகளை அது பொறுக்கவில்லை. அதனால் நிரலர்கள் தம் எதிர்பார்ப்புகளை வெளிப்படையாக எழுதப் பழகினார்கள். இன்று நம் கைபேசிகளில் இருக்கும் ஏஆர்எம் சில்லும் இன்டெல்லைவிடத் தளர்வான விதிகளைக் கொண்டதுதான். அன்று பழகிய ஒழுக்கம் இன்றும் பயன்படுகிறது.

சி மொழியின் ‘சார்’ என்ற சிறு எண்வகை இன்டெல்லில் எதிர்மதிப்பை ஏற்கும். ஏஆர்எம்மிலும் பவர்பிசியிலும் ஏற்காது. ஒரே சில்லில் மட்டும் தொகுத்துப் பார்ப்பவருக்கு இந்த வேறுபாடு இருப்பதே தெரியாது. லினக்ஸ் 2023-இல்தான், 6.2 பதிப்பில், எல்லாக் கட்டமைப்புக்கும் ஒரே முறை என்று தொகுப்புத் தெரிவாலேயே இதைத் தீர்த்தது. ஐட்டேனியம் இன்னும் வியப்புக்குரியது. 2023-இல் கெர்னலிலிருந்து நீக்கப்பட்ட அந்தச் சில்லைக் கேலி செய்யாதவர் இல்லை. ஆனால் இன்று மேசைக் கணினிகளைத் துவக்கும் யூஇஎஃப்ஐ முறை அந்தச் சில்லுக்காகத் தொடங்கிய பணியிலிருந்து வந்தது. லினக்ஸில் சி++ நிரல்கள் தம்முள் பேசிக்கொள்ளும் இரும வரையறைக்கு இன்றும் ஐட்டேனியம் என்றே பெயர். செத்த இயந்திரம் என்று நாம் புதைத்ததன் எலும்பு நம் முதுகெலும்பில் இருக்கிறது.

இது நடைமுறைக்கு ஒவ்வாத இலட்சியம் என்பவர்கள் நெட்பிஎஸ்டியைப் பார்க்கலாம். 1993-இல் தொடங்கிய அந்த இயங்குதளத்தில், 2002-இன் 1.6 பதிப்பு முதல், ஒரே ஒரு கட்டளைக் கோப்பு எல்லாக் கட்டமைப்புகளுக்குமான குறுக்குத் தொகுப்பைச் செய்கிறது. லினக்ஸிலோ மேக்கிலோ அமர்ந்துகொண்டு வாக்ஸ் கணினிக்கான முழு இயங்குதளத்தையும் தொகுக்கலாம். தேவையான தொகுப்பியை அது முதலில் தானே கட்டிக்கொள்ளும். நிர்வாகி அதிகாரம்கூட வேண்டாம். பெரும் நிறுவனங்களின் பணம் புழங்காத ஒரு சிறு குழுவால் இது முடிகிறது. பன்முகத்தைத் தொடக்கத்திலேயே வடிவமைப்பின் பகுதியாகக் கொண்டால் அது சுமையாவதில்லை என்பதே அதன் பாடம்.

என் கோரிக்கை பெரிதல்ல. எல்லாக் கணினியையும் எல்லாக் காலத்துக்கும் சுமக்கச் சொல்லவில்லை. ஒரு கட்டமைப்பை நீக்குமுன் அதைப் பேணுபவர் உண்டா என்று உரக்கக் கேளுங்கள், உண்டென்றால் நீக்காதீர்கள். அடித்தளத்தை உயர்த்துமுன், விலை குறைந்த சில்லுகளையும் சேர்த்து எண்ணுங்கள். புதிய வேகத்தைக் கூடுதல் தெரிவாகத் தர முடிந்தால் கட்டாயமாக்காதீர்கள். கட்டாயம்தான் என்றால், அதனால் வெளியேறுபவர் யார் என்பதை வெளியீட்டுக் குறிப்பிலேயே எழுதுங்கள்.

மாற்றுக் கருத்து உள்ளவர்கள் மறுத்து எழுதட்டும், வரவேற்கிறேன். எழுதும்முன், தாம் தட்டச்சு செய்யும் கணினி என்ன விலைக்கு வாங்கியது என்பதை மட்டும் ஒருமுறை நினைத்துப் பார்த்துக்கொள்ளட்டும்.