துவர்ப்பு தெரிந்த நாக்கு

நாசிக் பக்கம் போகிற நம்மவர்கள் பலர் இப்போது திராட்சைத் தோட்டத்துக்கும் ஒரு நடை போய்வருகிறார்கள். அங்கே ஒயின் ருசி பார்க்கும் மேஜையருகில் அவர்களைக் கவனித்திருக்கிறேன். ஒரு சாரார் கூச்சத்தோடு ஒதுங்கிவிடுகிறார்கள். மறு சாரார் வழிகாட்டி சொல்லும் ஆங்கில வார்த்தைகளையே திருப்பிச் சொல்கிறார்கள். "பிளாக்பெர்ரி வாசனை வருகிறதா?" என்றால் "வருகிறது" என்கிறார்கள். பிளாக்பெர்ரியை எங்கே முகர்ந்தார்களோ! நாவல்பழம் என்றால் குறைந்தா போய்விடும்?

குடிக்காதவர் குடிக்க வேண்டாம். அது அவரவர் வீட்டு விஷயம். ருசி பார்ப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள்கூட வாயில் வைத்துத் துப்பிவிடுகிறார்கள். என் ஆதங்கமெல்லாம் நம் வார்த்தைகளைப் பற்றித்தான்.

திடமான சிவப்பு ஒயினுக்கு உயிர் டானின். கறுப்புத் திராட்சையின் சாறு பெரும்பாலும் நிறமற்றது. தோலோடு ஊறிப் புளிக்கும்போதுதான் நிறமும் டானினும் இறங்குகின்றன. விதையிலிருந்தும் ஓக் பீப்பாயிலிருந்தும் கொஞ்சம் வரும். எச்சிலிலுள்ள புரதத்தோடு சேர்ந்து நாக்கை உலர்த்தி, ஈறைப் பிடிப்பது அதுதான். இதற்குப் பெயர் தேடி அலைய வேண்டுமா? துவர்ப்பு! அதை அறுசுவையில் ஒன்றாக எண்ணியவர்கள் நாம். வாழைப்பூவின் துவர்ப்பு எது, நெல்லிக்காயின் துவர்ப்பு எது, பாக்கின் துவர்ப்பு எது என்று பாட்டிமார் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்கள். 'ஃபுல் பாடி' என்பதும் அப்படியே. முதல் டிகாக்ஷனுக்கும் இரண்டாவது டிகாக்ஷனுக்கும் வித்தியாசம் தெரிந்த வீட்டில் இதை விளக்கவே வேண்டாம்.

ஆனால் திடமாக இருப்பதெல்லாம் உசத்தி என்று நினைத்துவிடக் கூடாது. நாசிக்கில் அறுவடை ஏறக்குறைய ஜனவரியிலிருந்து மார்ச் வரை. வெயில் ஏற ஏறப் பழத்தில் சர்க்கரை கூடும், புளிப்பு இறங்கும். அந்தச் சர்க்கரைதான் ஆல்கஹாலாகிறது. ஆகவே கனம் சுலபமாகக் கிடைத்துவிடும். புளிப்பைக் காப்பாற்றுவதுதான் கஷ்டம். விழுங்கியபின் தொண்டை எரிந்து, வாயில் வறட்சி மட்டும் மிஞ்சினால், விலை என்னவானாலும் அது சுமார் சரக்குதான். துவர்ப்பு மெல்ல அடங்கி, பழவாசனை கொஞ்ச நேரமாவது நின்றால் நல்ல ஒயின்.

'ரூம் டெம்பரேச்சர்' என்பதை நம்பி மே மாதத்தில் பாட்டிலை மேஜைமேல் வைத்துவிடாதீர்கள். அது குளிர்நாட்டு அறை. 16 முதல் 18 டிகிரி. நம் அறை 32. ஒரு மணி நேரமாவது ஃப்ரிட்ஜில் இருக்கட்டும். கூடவே மிளகாய் பஜ்ஜியும் வேண்டாம். காரமும் ஆல்கஹாலும் சேர்ந்தால் எரிச்சல்தான் மிஞ்சும்.

அடுத்த முறை வழிகாட்டி கேட்டால் நாவல்பழம் என்றே சொல்லுங்கள். ஜாம்பூள் என்று மராத்தியில் சொன்னால் அவருக்கும் புரியும்.