மூன்றாம் முறை வரும் ஃபோர்டு

மறைமலை நகரில் 2022-ஆம் ஆண்டின் நடுவிலிருந்து ஓசையடங்கிக் கிடக்கும் மோட்டார் தொழிற்சாலையை மீண்டும் திறந்து, அதில் புதிய தலைமுறை என்ஜின்களைத் தயாரிப்பதற்காக 3,250 கோடி ரூபாய் முதலீடு செய்வதாக அமெரிக்காவின் ஃபோர்டு கம்பெனி 2025 அக்டோபர் 31-ஆம் தேதி தமிழ்நாடு அரசுடன் புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்துகொண்ட செய்தி வெளியானபோது, தலைநகரில் அது சந்தோஷ சமாசாரமாகவும், படப்பை, ஒரகடம், சிங்கபெருமாள் கோவில் வட்டாரங்களில் சந்தோஷமும் சந்தேகமும் சரிபாதி கலந்த சமாசாரமாகவும் வரவேற்கப்பட்டது. ஆண்டுக்கு 2,35,000 என்ஜின்கள். உற்பத்தி ஆரம்பம் 2029-இல். வேலை அறுநூற்றுச் சொச்சம் பேருக்கு. “கார் கிடையாதா, என்ஜின் மட்டுந்தானா?” என்று இங்கே முதலில் கேட்டார்கள். அடுத்ததாகக் கேட்டது, “இந்தத் தடவை எத்தனை வருஷம் இருப்பாங்களாம்?” என்பது.

இந்த இரண்டாவது கேள்வியை வீண் குசும்பு என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் செல்லும் சாலையில், ஏரிப் பாசனத்தையும் நெல் வயலையும் நம்பிப் பல நூற்றாண்டுகள் பிழைத்துவந்த படப்பை, இன்று கம்பெனி பஸ்ஸின் நேரத்துக்கு எழுந்து, கம்பெனி பஸ்ஸின் நேரத்துக்கு உறங்கப் போகும் ஊர். பல்லவ நரசிம்மவர்மனும் சாளுக்கியப் புலிகேசியும் பொருத மணிமங்கலம் இங்கிருந்து சில மைல்தான். அந்தச் சரித்திரத்தைப் பற்றி விசாரிக்க எவரும் வருவதில்லை, வாடகைக்கு ரூம் கிடைக்குமா என்று விசாரிக்கத் தென்மாவட்டங்களிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்துகொண்டே இருக்கிறார்கள். விடியற்காலையில் நிறுத்தத்தில் நிற்கும் இளைஞர்களின் சட்டை நிறத்தையும் கழுத்து அட்டையின் நாடாவையும் பார்த்தே, இவன் நிரந்தரம், இவன் ட்ரெய்னி, இவன் கான்ட்ராக்ட் என்று பெட்டிக்கடைக்காரர் சொல்லிவிடுகிறார். யாருக்கு மாதக் கணக்கில் கடன் கொடுக்கலாம், யாருக்குக் கூடாது என்பதற்கு அவருக்கு அதுவே பிரமாணம். இப்படிப்பட்ட ஊரில் ஒரு பெரிய கம்பெனி வந்தது, போனது, திரும்ப வருகிறது என்பதெல்லாம் பத்திரிகைச் செய்தியோடு நின்றுவிடும் விஷயங்கள் அல்ல.

ஃபோர்டின் கீர்த்தியை இங்கே இருவர் இருவிதமாகச் சொல்லக் கேட்கலாம். சாலையோர மெக்கானிக் ஒருவர், இருபது வயதான ஐகான் வண்டியின் கதவை விரியத் திறந்து, கையை விட்டு அது தானாகச் சாத்திக்கொள்ளும்படி செய்து, “சத்தத்தைக் கேட்டீங்களா சார்? இந்தக் கனம் இப்ப வர்ற வண்டியில ஏது?” என்பார். ஸ்டியரிங்கின் நிதானம், வேகத்தில் சாலையைப் பற்றிக்கொண்டு ஓடும் குணம், டீசல் ஃபிகோவின் உழைப்பு என்று அவர் சொல்லும் பட்டியல் நீண்டது. கம்பெனி போய்விட்ட பிறகும் பழைய எகோஸ்போர்ட்டைத் தேடிப்பிடித்து வாங்குகிறவர்கள் அவருக்குச் சாட்சி. அதே வண்டியை லைனில் நின்று பூட்டியவரைக் கேட்டால், சம்பளத்தில் குறை சொல்லமாட்டார், கேன்டீனில் குறை சொல்லமாட்டார், மெஷினில் குறை சொல்லமாட்டார். “நல்ல கம்பெனிதான், ஆனா விட்டுட்டுப் போயிட்டான்” என்று முடித்துக்கொள்வார். அந்த இரண்டாவது வாக்குமூலத்தைத்தான் நாம் அதிகமாக ஆராய வேண்டும் என்பது என் அபிப்பிராயம். ஏனெனில் ஃபோர்டு உலகப் பிரசித்தி அடைந்ததே வண்டியினால் பாதி என்றால், தொழிலாளியை நடத்திய விதத்தினால் மறுபாதி.

1903 ஜூனில் ஹென்றி ஃபோர்டு கம்பெனியைத் தொடங்கியபோது, மோட்டார் வண்டி என்பது செல்வந்தர்களின் விளையாட்டுப் பொருள். 1908-இல் வந்த மாடல் டி அதனை விவசாயியின் முற்றத்துக்குக் கொண்டுபோயிற்று. 1927 வரை ஒன்றரைக் கோடி வண்டிகள் வெளிவந்தன, 850 டாலரில் ஆரம்பித்த விலை முந்நூறுக்கும் கீழே இறங்கியது. இந்த விந்தைக்குக் காரணம், ஹைலண்ட் பார்க் ஆலையில் 1913-இல் அமைந்த நகரும் அசெம்பிளி லைன். அதற்கு முன்பு ஒரு சேஸிஸைப் பூட்டப் பன்னிரண்டரை மணி நேரம் பிடித்தது. லைன் வந்த சில மாதங்களில் அது 93 நிமிஷங்களுக்கு இறங்கிவிட்டது. ஆள் நின்ற இடத்தில் நிற்க வண்டி அவனைத் தேடி வந்தது. வந்த வண்டியில் ஒரே ஆணியை ஒரே விதமாக நாள் முழுதும் முடுக்குவது அவன் ஜோலியாயிற்று.

மனிதனால் அது தாங்கக்கூடியதாக இருக்கவில்லை. 14,000 பேர் வேலை செய்த ஆலையில் அந்த எண்ணிக்கையை நிலைநிறுத்துவதற்காக ஒரே ஆண்டில் 52,000 பேருக்கு மேல் சேர்க்க வேண்டியிருந்தது என்றால், வந்தவர்கள் என்ன வேகத்தில் ஓடிப்போயிருப்பார்கள் என்று யோசித்துக்கொள்ளலாம். 1914 ஜனவரியில் ஹென்றி ஃபோர்டு, நாளொன்றுக்கு 2.34 டாலராக இருந்த கூலியை ஐந்து டாலராக உயர்த்தி, ஒன்பது மணி நேர வேலையை எட்டாகக் குறைத்ததை உலகம் தர்ம காரியமாகக் கொண்டாடியது. இன்றும் மேடைகளில் கொண்டாடுகிறது. உள்ளபடி, ஓடிப்போகும் ஆட்களை நிறுத்திவைக்கக் கெட்டிக்காரத்தனமாகக் கட்டிய விலை அது. அந்த ஐந்து டாலரிலும் ஏறக்குறைய பாதி, லாபப் பங்கு என்ற பெயரில், தகுதி உடையவர்களுக்கு மட்டுமே உரியது. தகுதியை நிர்ணயிக்க ‘சமூகவியல் இலாகா’ ஒன்று ஏற்படுத்தப்பட்டு, அதன் அதிகாரிகள் தொழிலாளியின் வீட்டுக்கே வந்து, குடிக்கிறானா, சேமிக்கிறானா, வீடு சுத்தமாக இருக்கிறதா என்று பார்த்துக் குறிப்பெழுதிப் போனார்கள். ஆயினும், வண்டி செய்கிறவனே அந்த வண்டியை வாங்கக்கூடிய ஒரு காலம் அதனால் பிறந்தது என்பதை மறுப்பதற்கில்லை. நம்முடைய ஒரகடம் சாலையில், தான் கதவு மாட்டிய காரைத் தன் வாழ்நாளில் வாங்கலாம் என்று நினைக்கிற கான்ட்ராக்ட் தொழிலாளி எவனாவது உண்டா என்று கேட்டுப் பார்த்தால், அந்தப் பழைய ஐந்து டாலரின் மகிமை விளங்கும்.

பிற்காலச் சரித்திரத்தில் பெருமையும் சிறுமையும் அடுத்தடுத்து வருகின்றன. யூதர்கள்மீது துவேஷம் கக்கிய பத்திரிகை ஒன்றை ஹென்றி ஃபோர்டு சொந்தச் செலவில் நடத்தினார். 1927-இல் மன்னிப்புக் கேட்டு அதை நிறுத்தினார். 1937-இல் ரிவர் ரூஜ் ஆலை வாசலில் சங்கத் தலைவர்கள் கம்பெனியின் அடியாட்களால் இரத்தம் வர அடிக்கப்பட்டார்கள். 1941-இல் அதே சங்கத்தோடு ஒப்பந்தத்தில் கையெழுத்தாயிற்று. 2006-இல் தன் ஆலைகளோடு நீல நீள்வட்டச் சின்னத்தையும் அடகு வைத்துக் கடன் வாங்கிய கம்பெனி, இரண்டு மூன்று ஆண்டுகளில் ஜெனரல் மோட்டார்ஸும் கிரைஸ்லரும் அரசாங்கத்திடம் கையேந்தித் திவாலாகி எழுந்தபோது, அந்த உதவியின்றித் தன் காலில் நின்றது. அமெரிக்கர்கள் இன்றும் மரியாதையோடு நினைவுகூரும் காரியம் அது. அதே நெருக்கடிக் காலத்தில்தான் ஜாகுவாரையும் லேண்ட் ரோவரையும் நம் டாட்டாவுக்கு விற்றது.

நம் நாட்டுக்கு ஃபோர்டு முதன்முதலில் வந்தது 1926-இல், கனடாக் கம்பெனியின் கிளையாக. பெட்டிகளில் வந்த பாகங்களைத் துறைமுக நகரங்களில் பூட்டி விற்ற வியாபாரம் அது. சுதந்திரத்துக்குப் பின், பாகங்களைப் படிப்படியாக இங்கேயே செய்யச் சம்மதிக்கிறவர்களுக்குத்தான் இடம் என்று இந்திய அரசு உறுதியாகச் சொன்னதும், ஐம்பதுகளின் முற்பகுதியில் அது கடையைக் கட்டிக்கொண்டு போய்விட்டது. இரண்டாவது வருகை 1995-இல், மஹிந்திராவோடு கூட்டாக. தனித்தமிழ் இயக்கத்தின் தந்தையான மறைமலை அடிகளின் பெயர் தாங்கிய புறநகரில், ஜி.எஸ்.டி. சாலையோரம், ஆலை எழுந்தது. அடிகள் இருந்திருந்தால் அசெம்பிளி லைனுக்கு என்ன பெயர் சூட்டியிருப்பாரோ! 1998-இல் பெரும்பங்கு ஃபோர்டின் கைக்கு வந்தது. 1999-இல் ஐகான் வெளிவந்தது. பின்பு ஃபியெஸ்டா, 2010-இல் ஃபிகோ, 2013-இல் எகோஸ்போர்ட். 2018-இலிருந்து அமெரிக்காவில் விற்ற எகோஸ்போர்ட்டுகள் மறைமலை நகரில் செய்து கப்பலேற்றப்பட்டவை. ஹென்றி ஃபோர்டின் சொந்த நாட்டில், செங்கல்பட்டுப் பக்கத்துப் பையன்கள் பூட்டிய ஃபோர்டு ஓடிற்று என்பதை நாம் போதிய அளவு பெருமையோடு பேசிக்கொள்ளவில்லை என்றே நினைக்கிறேன்.

இவ்வளவு திறமையும் இருந்து ஏன் தோற்றது? ஐகானுக்கும் ஃபிகோவுக்கும் எகோஸ்போர்ட்டுக்கும் கிடைத்த வரவேற்பை, அடுத்தடுத்த வண்டிகளால் தொடர்ந்து காப்பாற்றிக்கொள்ள ஃபோர்டுக்குத் தெரியவில்லை. 2010-இல் வந்த ஃபிகோ புது உருவம் பெற 2015 ஆயிற்று. அதற்குள் மாருதியும், இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாயும் சந்தையில் எத்தனையோ புது வண்டிகளை இறக்கிவிட்டன. சர்வீஸுக்கு விட்டால் செலவு அதிகம் என்ற பேச்சு ஒருமுறை பரவியது, பரவியதுதான். இது போதாதென்று, சென்னை ஆலையே முழுத் திறனுக்கு ஓடாத நிலையில், குஜராத்தின் சாணந்தில் 2015-இல் இரண்டாவது ஆலையைத் திறந்து, ஆண்டுக்கு 4,40,000 வண்டிகள் செய்யக்கூடிய யந்திரங்களை வைத்துக்கொண்டு விற்பனைக்காகக் காத்திருந்தது. 2019-இல் மறுபடியும் மஹிந்திராவோடு கூட்டு என்று அறிவித்து, 2020 முடிவில் அதையும் கைவிட்டது. இதில் லைனில் நின்றவனுடைய பிழை எது என்று யாராலும் காட்ட முடியாது.

2021 செப்டம்பர் 9-ஆம் தேதி, பத்து ஆண்டுகளில் 200 கோடி டாலருக்கு மேல் நஷ்டம் என்று காரணம் சொல்லி, இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாகக் கம்பெனி அறிவித்தது; ஏறக்குறைய 4,000 பேர் பாதிக்கப்படுவார்கள் என்றும் அதுவே சொன்னது. சாணந்து ஆலையை டாட்டா வாங்கிக்கொண்டது. தொழிலாளர்களுக்கு அங்கேயே தொடர்ந்து வேலை கிடைக்க வழி பிறந்தது. மறைமலை நகர்த் தொழிலாளர்களோ 2022 மே மாத இறுதியில் ஆலைக்குள்ளேயே உட்கார்ந்து, செட்டில்மென்ட் தொகையை உயர்த்தக் கேட்டுப் போராடினார்கள். இதே சமயத்தில் சோழிங்கநல்லூர்ப் பக்கம் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து உலகமெங்குமுள்ள ஃபோர்டுக்கு வேலை செய்தவர்கள் அப்படியே இருந்தார்கள். 2024-இல் திரும்பி வரும் விருப்பத்தைக் கம்பெனி தெரிவித்தபோது அவர்கள் தொகை 12,000. ஃபோர்டு தமிழ்நாட்டை விட்டுப் போனது என்று சொல்கிறோமே, அது கையில் எண்ணெய் படிந்தவர்களை மட்டும் விட்டுப் போனது என்பதே சரி.

கம்பெனிக்கு நியாயம் செய்ய வேண்டும். ஆலையை மூடினால், பணி செய்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சம்பளம் கொடுத்தால் போதும் என்றது அப்போது நடைமுறையில் இருந்த தொழில் தகராறுச் சட்டம். ஃபோர்டு அதைப்போலப் பல மடங்கு கொடுத்தது. சம்பளப் பாக்கியோடு இரவோடிரவாகக் கதவடைத்த முதலாளிகளைப் பார்த்த நாட்டில் இது சாமானியமல்ல. ஆனால் ஐகான் காலத்தில் இருபத்திரண்டு வயதில் சேர்ந்தவருக்கு 2022-இல் நாற்பத்தைந்து. ஒரகடத்திலும் வல்லத்திலும் உள்ள ஆலைகள் ட்ரெய்னியாக எடுப்பது பதினெட்டிலிருந்து இருபத்தைந்து வயதுவரை உள்ளவர்களை. வந்த பணத்தில் வீட்டுக் கடனை அடைத்து, மிச்சத்தில் ஒரு கால் டாக்ஸியோ மளிகைக் கடையோ போட்டவர்கள், பிள்ளையின் கல்லூரிக் கட்டணத் தேதி வரும்போதெல்லாம் அந்தத் தொகையின் உண்மையான அளவைத் தெரிந்துகொள்கிறார்கள். ஃபோர்டை நம்பி உதிரிபாகம் செய்த வெண்டர் கம்பெனிகளில் கான்ட்ராக்டில் இருந்தவர்களுக்குச் செட்டில்மென்ட் பேச்சுவார்த்தையில் நாற்காலியே இல்லை.

ஆகவே, திரும்பி வருகிறவர்களுக்கு மாலை போடுவதை நான் ஆட்சேபிக்கவில்லை. முதலீட்டை இழுக்கப் பிற மாநிலங்களோடு ஓட்டப்பந்தயம் ஓடும் அரசின் சங்கடமும் புரிகிறது. கடுமையாகப் பேசினால் ஆந்திராவுக்குப் போய்விடுவார்கள் என்பது வெறும் பயங்காட்டல் அல்ல. என் வாதம், நிபந்தனை பேசுவதற்கு உகந்த காலம் கதவு திறக்கும் காலமே என்பது. நிலம், மின்சாரம், வரி ஆகியவற்றில் என்ன சலுகை பெறுகிறார்கள் என்பது பொதுமக்களுக்குத் தெரியும்படி பிரசுரிக்கப்பட வேண்டும். மூட நேர்ந்தால் எவ்வளவு முன்கூட்டிச் சொல்வது, வெண்டர் கம்பெனித் தொழிலாளிக்கு யார் பொறுப்பு, ஆலையை வாங்குகிறவர் ஆட்களையும் ஏற்றுக்கொள்வாரா என்பவை ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்க வேண்டும். சட்டம் பார்த்துக்கொள்ளும் என்று இருந்துவிட முடியாது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் தொகுப்பு, அரசின் முன் அனுமதி இல்லாமல் ஆலையை மூடக்கூடாது என்ற கட்டுப்பாட்டை, நூறு பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களிலிருந்து முந்நூறு பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களுக்கு நகர்த்திவிட்டது. அறுநூறு பேரோடு தொடங்கும் ஓர் என்ஜின் ஆலை, அதில் எத்தனை பேரை நிரந்தரமாகவும் எத்தனை பேரைக் கான்ட்ராக்டாகவும் வைக்கிறது என்பதைப் பொறுத்து, அந்தக் கோட்டுக்கு எந்தப் பக்கம் நிற்கும் என்பது தீர்மானமாகும்.

அந்த அறுநூறு இடங்களைப் பற்றி இன்னொன்றும் உண்டு. மறைமலை நகரில் என்ஜின் பிரிவில் பல ஆண்டு வேலை பார்த்து, போரிங் மெஷினின் ஓசையைக் கொண்டே டூல் தேய்ந்துவிட்டதைச் சொல்லக்கூடியவர்கள் இந்த வட்டாரத்தில் இன்னும் இருக்கிறார்கள். 2029-இல் அவர்களில் பலருக்கு ஐம்பது வயதாகியிருக்கும். வயது வரம்பு ஒன்றை வைத்து அவர்களை வெளியே நிறுத்துவது மிகவும் சுலபம். புதிய ஆட்களுக்குப் பயிற்சியளிக்கும் வேலையிலாவது அவர்களுக்கு முதல் அழைப்பு உண்டு என்று ஒரு ஷரத்தைச் சேர்க்கும்படி கேட்பதற்கு, உற்பத்தி தொடங்காத இந்தக் காலத்தில் அரசுக்கு வாய்ப்பும் இருக்கிறது, உரிமையும் இருக்கிறது.