காட்டுக்கு அவுட்சோர்சிங் சரிப்படுமா?

அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் வேலை பார்க்கிறவங்களுக்கு 'காண்ட்ராக்ட்'னா என்னன்னு நான் விளக்க வேண்டியதில்லை. ஆனா அது காட்டுக்குள்ளயும் வருதுன்னா கொஞ்சம் யோசிக்கணும் மக்களே.

முதுமலையில் வேட்டைத் தடுப்புக் காவலர்கள் இருக்காங்க. நிறைய பேர் அங்கேயே பிறந்து வளர்ந்த பழங்குடி மக்கள். அரசு வேலைன்னு பேரு, ஆனா நிரந்தரம் கிடையாது. இவங்களைத் தனியார் ஏஜென்சிக்கு மாத்தற யோசனையை எதிர்த்து 2022-23ல போராட்டமே நடந்துச்சு. அதே 2023லதான் தெப்பக்காடு யானை முகாமைப் பத்தின படம் ஆஸ்கர் வாங்க, நாமெல்லாம் கைதட்டினோம்!

2021ல டி23 புலி ஞாபகம் இருக்கா? மூணு வாரம் தேடி, சுடாம, மயக்க ஊசி போட்டு உயிரோட பிடிச்சாங்க. டிரோன், கேமரா, கும்கி எல்லாம் இருந்தும், கால்தடம் பார்த்துப் போக காட்டை அறிஞ்ச ஆட்கள் வேண்டியிருந்தது. அந்த அறிவுக்கு டாக்குமென்டேஷன் கிடையாது சாமி, நாலு நாள் டிரெயினிங்ல வராது.

'ஏஜென்சின்னா பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. கிடைக்குமே'ன்னு சிலர் கேட்கலாம். அதை வனத்துறையே நேரா குடுத்தா என்ன? நடுவுல ஒருத்தருக்குக் கமிஷன் எதுக்கு?

புலிகள் காப்பகத்தோட தொடர் செலவை மத்திய அரசும் மாநில அரசும் பாதிப்பாதி ஏத்துக்கணும். முதுமலைக் காப்பகம் சுமார் 688 சதுர கிலோமீட்டர். அதை நடந்தே காக்கிறவங்க சம்பளத்துல கை வச்சா அதுக்குப் பேரு சிக்கனம் இல்லீங்க, கஞ்சத்தனம்.