அம்மாச்சிக்குப் பதிலா நான் போட்ட கையெழுத்து

உங்க வீட்ல யாரையாவது ஆஸ்பத்திரியில சேர்த்தப்போ நீங்க கூட இருந்திருக்கீங்களா? இருந்திருந்தா இது நடந்திருக்கும். சிஸ்டர் ஒரு ஃபைலோட வருவாங்க. "பேஷன்ட் அட்டெண்டர் யாருங்க? இங்க ஒண்ணு, பின்னாடி பக்கம் ஒண்ணு" என்று பேனாவை நீட்டுவாங்க. சித்தப்பா, மாமா, அத்தை எல்லாரும் உங்களைத் திரும்பிப் பார்ப்பாங்க. ஃபார்ம் இங்கிலீஷ்ல இருக்கும். நீங்கதான் இன்ஜினியரிங் படிக்கிற பிள்ளை.

நானும் அப்படித்தான் போட்டேன். செகண்ட் இயர் செம் லீவு. அம்மாச்சிக்கு இருபது வருஷமா சுகர். செருப்பு கடிச்ச புண்ணு ஒரு மாசமா ஆறாம, கால் கறுக்க ஆரம்பிச்ச பிறகுதான் வீட்ல சொன்னாங்க. பக்கத்து டவுன்ல ஒரு தனியார் ஆஸ்பத்திரியில மாமா சேர்த்தார். ஃபார்ம்ல புண்ணைச் சுத்தம் செய்யும் ஆபரேஷன், அதுக்குக் கீழே "தேவைப்பட்டால் விரல்களை அகற்றுதல்" என்று இருந்தது. டூட்டி டாக்டர்கிட்ட கேட்டேன். "சுண்டு விரல் போகலாம், பக்கத்து விரலும் போகலாம். திறந்து பார்த்தாதான் தெரியும்" என்றார். எனக்கு நல்லாவே புரிந்தது.

மாமா தனியாக் கூப்பிட்டு, "அம்மாகிட்ட இதெல்லாம் சொல்லாத. பயந்துரும், பிரஷர் ஏறிடும்" என்றார். நான் வார்டுக்குப் போய், "புண்ணைக் கிளீன் பண்ணப் போறாங்க அம்மாச்சி, அவ்வளவுதான்" என்றேன். நோயாளி கையெழுத்துன்னு ஒரு கோடு இருந்தது. அதை யாரும் கண்டுக்கல. அடுத்த கோட்டில் என் பெயர், உறவுமுறை: பேத்தி.

ரெண்டு நாள் கழிச்சு கட்டுப் பிரிக்கும்போதுதான் அம்மாச்சி பார்த்தாங்க. ரெண்டு விரல் இல்லை. அழல. கொஞ்ச நேரம் காலையே பார்த்துட்டு, "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல பாப்பா" என்று மட்டும் கேட்டாங்க.

ஒண்ணு தெளிவாச் சொல்லிடுறேன். ஆபரேஷன் சரியான முடிவு. புண் ஆறிடுச்சு, இப்போ கோயிலுக்குத் தனியா நடந்து போறாங்க. டாக்டர் திறமைசாலி, மாமா பாசக்காரர். குறை சொல்ல யாரும் சிக்க மாட்டேங்குறாங்க. அதனாலதான் இந்த விஷயம் ரெண்டு வருஷமா உறுத்திக்கிட்டே இருக்கு.

அதுக்கப்புறம்தான் சட்டம் என்ன சொல்லுதுன்னு தேட ஆரம்பிச்சேன். 1995இல் டெல்லியில் நடந்த ஒரு விஷயம். 44 வயது, திருமணமாகாத ஒரு பெண் மாதவிடாய் பிரச்சினைக்காக ஒரு கிளினிக்குக்குப் போகிறார். வயிற்றுக்குள் லேப்ராஸ்கோப் விட்டுப் பார்க்கும் பரிசோதனைக்குக் கையெழுத்துப் போடுகிறார். மயக்க மருந்து கொடுத்துப் பரிசோதித்த டாக்டர், கருப்பையையே எடுத்துவிடுவது நல்லது என்று முடிவு செய்கிறார். வெளியே காத்திருந்த அம்மாவிடம் சம்மதம் வாங்கப்படுகிறது. அந்தப் பெண் கண் விழிக்கும்போது கருப்பை, சினைப்பைகள் எதுவும் இல்லை. நுகர்வோர் ஆணையம் அவருடைய புகாரைத் தள்ளுபடி செய்தது. 2008 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அந்த முடிவை மாற்றியது. நோயாளி வயது வந்தவர், சுயநினைவு திரும்பக் கொஞ்ச நேரம்தான் ஆகும், உயிருக்கு உடனடி ஆபத்து இல்லை. அப்படியிருக்க அம்மாவின் சம்மதம் செல்லாது என்றது. டாக்டர் நல்ல எண்ணத்தில் செய்திருந்தாலும் அது அனுமதி இல்லாத ஆபரேஷன்தான். அந்தப் பெண் கேட்ட இழப்பீடு 25 லட்சம். கிடைத்தது 25,000 ரூபாய், கூடவே ஆபரேஷன் கட்டணம் கிடையாது. (ஆமா, நானும் அந்த நம்பரை ரெண்டு தடவை பார்த்தேன்.)

அந்தப் பெண்ணாவது மயக்கத்தில் இருந்தார். எங்க அம்மாச்சி முழு நினைவோட, பத்தடி தூரத்துல, பக்கத்து பெட் அக்காகிட்ட பேசிக்கிட்டு இருந்தாங்க. அம்மாச்சி அஞ்சாம் கிளாஸ் படிச்சவங்க. மகளிர் குழு லோனுக்கு எத்தனையோ தடவை கையெழுத்துப் போட்டிருக்காங்க. கடன் வாங்க அவங்க கையெழுத்து செல்லுது. சொந்தக் கால் விரலுக்கு அது தேவைப்படல.

அந்தத் தீர்ப்பை நான் முழுசாக் கொண்டாடவும் மாட்டேன். என்ன சிகிச்சை, வேறு வழி உண்டா, முக்கியமான ஆபத்துகள் என்ன, செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதை டாக்டர் சொல்ல வேண்டும் என்கிறது. அது நல்லது. ஆனா எவ்வளவு சொல்ல வேண்டும் என்று வரும்போது, நோயாளி என்ன தெரிஞ்சுக்க விரும்புவார் என்பதைவிட, மருத்துவத் துறை எதைச் சரின்னு ஏத்துக்குதோ அதன் பக்கம்தான் நீதிமன்றம் சாய்ந்தது. நம் நாட்டில் நிறைய பேர் ஏழைகள், படிக்காதவர்கள், மருத்துவ வார்த்தைகள் அவர்களுக்குப் புரியாது என்பதும் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. எனக்கு இது இடிக்குது. புரியலன்னா புரியுற மாதிரி சொல்லணும். சுகர் புண்ணுன்னா என்ன, விரல் ஏன் போகும் என்பதெல்லாம் எங்க தெருவுல எந்தப் பாட்டிக்கும் புரியாத விஷயம் இல்ல. அந்த அளவுகோல் நமக்கு இங்கிலாந்திலிருந்து வந்தது. பிரிட்டன் உச்ச நீதிமன்றமே 2015இல் அதைக் கைவிட்டு நோயாளியின் பக்கம் வந்துவிட்டது.

இது ஒரு குடும்பத்தோட, ஒரு ஆபரேஷனோட முடியுற விஷயமும் இல்லை. 2009இல் அப்போதைய ஆந்திராவின் கம்மம் மாவட்டத்தில், 10 முதல் 14 வயதுச் சிறுமிகளுக்கு கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் ஹெச்பிவி தடுப்பூசியை ஒரு ஆய்வுத் திட்டமாகப் போட்டார்கள். நிறைய பேர் அரசு விடுதியில் தங்கிப் படித்த பழங்குடிப் பிள்ளைகள். பிறகு நாடாளுமன்றக் குழு 2013இல் கொடுத்த அறிக்கைப்படி, ஆந்திராவில் பார்த்த 9,543 ஒப்புதல் படிவங்களில் 2,763இல் கையெழுத்துப் போட்டவர்கள் ஹாஸ்டல் வார்டன்கள். தடுப்பூசியைத் திட்டுறதுக்கு இதைச் சொல்லல. அது நல்ல தடுப்பூசி, உலக சுகாதார நிறுவனமே பரிந்துரைக்கிறது. நல்ல விஷயத்தையும் அப்பா அம்மாகிட்ட கேட்காம செஞ்சதும் ஒரு காரணமா, ஊசி மேலேயே சந்தேகம் வந்து, 2010இல் அந்தத் திட்டமே நின்று போனது.

"ஓபியில நூறு பேர் நிக்கிறாங்க, ஒவ்வொருத்தருக்கும் உக்காந்து விளக்க முடியுமா?" மெடிக்கல் காலேஜ்ல படிக்கிற என் ஃபிரெண்ட் கேட்டா. நியாயமான கேள்விதான். அவ டூட்டி நேரத்தைக் கேட்டா உங்களுக்கே பாவமா இருக்கும். விபத்துல நினைவில்லாம வர்றவங்களுக்கு யார் கையெழுத்துக்கும் காத்திருக்கத் தேவையில்லைன்னு சட்டமே சொல்லுது. ஆனா எங்க கேஸ்ல அவசரம் எதுவும் இல்லை. அட்மிட் ஆனது காலையில, ஆபரேஷன் மறுநாள். நான் டாக்டர்கிட்ட கேட்டுத் தெரிஞ்சுக்க ரெண்டு நிமிஷம் ஆச்சு. அதையே அம்மாச்சிகிட்ட தமிழ்ல சொல்லியிருந்தா இன்னொரு ரெண்டு நிமிஷம். ஆஸ்பத்திரி மேல பாதித் தப்பு, அந்த ரெண்டு நிமிஷம் என் தப்பு.

இன்னொரு வேடிக்கை பாருங்க. 2023இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, ஒரு ஆப் உங்க டேட்டாவுக்குச் சம்மதம் கேட்டா, அதை எளிய மொழியில கேட்கணும். இங்கிலீஷ்லயோ எட்டாவது அட்டவணையில இருக்குற எந்த மொழியிலயோ படிக்கிற வசதியும் கொடுக்கணும். தமிழும் அதுல ஒண்ணு. காலை வெட்டச் சம்மதம் கேட்ட தாள் அன்னைக்கு எங்க கையில இங்கிலீஷ்ல மட்டும்தான் இருந்தது.

இதையெல்லாம் இப்போ எழுதக் காரணம் எங்க ஃபைனல் இயர் ப்ராஜெக்ட். சுகர் புண் போட்டோவை வெச்சு அது எவ்வளவு தீவிரம்னு சொல்ற மாடல். (நம்ம டிபார்ட்மென்ட்ல பாதிப் பேர் ஹெல்த்கேர் ஏஐ தான், தெரியும்.) போட்டோ எடுக்கணும்னா நோயாளிகளோட ஒப்புதல் வேணும். டீம்மேட் ஒருத்தன் நெட்ல இருந்து நாலு பக்க இங்கிலீஷ் ஃபார்மை டவுன்லோட் பண்ணி, காலேஜ் லோகோவை ஒட்டிக் கொண்டு வந்தான். கைடும் ஓகே சொல்லிட்டார். நான் ஒரு வாரம் சண்டை போட்டு அதை ஒரு பக்கம் தமிழ்ல மாத்தினேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அதை அம்மாச்சிகிட்ட வாசிச்சுக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கிட்டு ஒவ்வொரு வரிக்கும் "சரி, சரி" என்று கேட்டுட்டு வந்தவங்க நடுவுல நிறுத்தினாங்க. "இந்தப் போட்டோவ யாரு யாரு பாப்பாக? உங்க படிப்பு முடிஞ்சதும் அது எங்க போகும்?"

மறுநாள் டீம்ல கேட்டேன். எல்லாரும் முழிச்சாங்க. ஃபார்ம்ல ரெண்டு வரியைக் காலியா விட்டிருக்கோம். இந்த வாரம் கைடைப் பார்த்துட்டு நிரப்பணும்.